கூப்பிடு தூரம்

செப்டம்பர் 9, திங்கள்

மாமனார் இன்று கடைக்கு வந்தார். பதினேழு வருடத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது, பெண் கொடுக்கலாமா என்று ஆளை நோட்டம் பார்க்க.

நான் ஒரு வேனின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, அடிக்காத ஹாரனுக்கு வயர் தேடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கூப்பிடவே இல்லை. வெளியே வரும்போது முதலில் செருப்புதான் கண்ணில் பட்டது.

"மாப்ளே, புல்லு வண்டிக்கு வெளக்கு போடணும்."

அவர் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற வண்டிக்கு முன்னால்தான் இரண்டு இருக்கிறதே என்றேன். அது காணாதாம். ஆறரைக்கே இருட்டிவிடுகிறதாம். சாயங்காலம் நாலு மணிக்கே வெட்டி முடித்துவிடலாமே மாமா, ரிடையர் ஆனவர், பகல் முழுக்க உங்களுடையதுதானே என்று கேட்டேன். அந்த நேரந்தான் தோதுப்படும் என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "போட்டுக் குடுங்க. அந்த வண்டியத்தானே கட்டிக்கிட்டு அழுறாரு" என்றாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் போய் மூன்று மணி வரை வேலை.

பழைய விளக்கு இரண்டும் எஞ்சின் ஓடினால்தான் எரியும். எஞ்சின் வேகம் இறங்கினால் அதுகளும் அழுகிற மாதிரி மங்கும். அதனால் புதியதுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தேன். நடுவில் ஃப்யூஸ், ரிலே, ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு ஸ்விட்ச். பானெட் முன்பக்கமாகத் திறக்கிற வண்டி, வயரை இழுத்துக் கட்டினால் திறக்கிறபோது அறுந்துவிடும். கொஞ்சம் தளர விட்டு, சைலன்சர் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோய் கிளாம்ப் அடித்தேன். முன்னால் இரண்டு எல்.இ.டி. போதும் என்று பட்டது. அந்தச் சின்ன எஞ்சின் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிற மின்சாரம் கொஞ்சம்தான். விளக்கை அள்ளி வைத்தால் மறுநாள் வண்டி கிளம்பாது.

இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்த மனுஷன், எதைச் சொன்னாலும் அளந்து பார்க்கிற மாதிரிதான் கேட்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "இதைப் போட்டா எஞ்சின் சத்தம் மாறுமா?"

மாறாது என்றேன். தலையாட்டினார்.

அத்தை இருந்தபோது இந்த வண்டிக்குச் சக்களத்தி என்று பெயர் வைத்திருந்தார். "உங்க மாமா எங்கன்னா, சக்களத்தியக் கூட்டிக்கிட்டு வேலி வரைக்கும் போயிருக்காரு." அதைச் சொல்லும்போது அவரே முதலில் சிரித்துவிடுவார். இன்று பானெட்டை மூடும்போது அந்தச் சொல் வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

அடுப்படிக் கதவு சாத்தியிருந்தது. கெட்டிலும் ஒரு கோப்பையும் கூடத்து மேசையில்.

செப்டம்பர் 16, திங்கள்

"அடுப்படிக்குள்ள போனீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாமா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு டீச்சர் போன் பண்ணினார். குறை சொல்லவில்லை, பயப்படுகிறார். மாமா தினமும் புல் வெட்டுகிறாராம். தினமும், ஆறு நாற்பதுக்குத் தொடங்கி ஏழு இருபது வரை. வாரத்துக்கு ஒரு தடவை வெட்டினாலே தாராளம்.

"அங்க புல்லே இல்லீங்க. எதைத்தான் வெட்டுறாரு?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்.

செப்டம்பர் 26, வியாழன்

கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுப் போனேன். வண்டிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. கொல்லைப்பக்கம் போய் நின்றேன். நான் போட்ட விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. அந்த வெளிச்சத்தில் தெரிந்தது புல் இல்லை, தூசி. பிளேடு மண்ணைச் சீவிக்கொண்டு போகிறது. அதற்குள் அவர் நேராக முதுகை வைத்துக்கொண்டு, நூல் பிடித்த மாதிரிக் கோடு கோடாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஏழு இருபதுக்கு எஞ்சினை நிறுத்தினார். என்னைப் பார்த்ததும், எப்ப வந்தீங்க என்றார். கூப்பிட்டேன் மாமா, கேக்கலையா என்றேன் — சும்மா ஒரு பேச்சுக்கு. நான் கூப்பிடவே இல்லை.

விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 27, வெள்ளி

நேற்று ராத்திரி தூங்கவில்லை. இதுவரை எங்கும் எழுதாததை எழுதிவிடுகிறேன்.

ஜூன் பதினெட்டு, செவ்வாய். ஆறு நாற்பதுக்கு மாமா புல் வெட்டப் போனார். ஜூனில் அந்த நேரத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருக்கும், முன்விளக்கு இரண்டே போதும். ஏழு இருபதுக்கு உள்ளே வந்தார். அடுப்படியில் குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் அத்தை கிடந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இருந்தது. ஒன்பது மணிக்கு இல்லை. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னார். அவர் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி அவள் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கூப்பிட்டிருப்பாங்கல்லப்பா?"

"வண்டி சத்தம்மா" என்றார் அவர்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணி, சாப்டீங்களா என்று கேட்பாள். சாப்டேன் என்பார். போனை வைத்துவிடுவாள். அந்த வீட்டுக்கு அவள் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

அக்டோபர் 5, சனி

மாமா வண்டியோடு கால்வாயில் இறங்கிவிட்டார்.

வேலி ஓரமாக மழைத்தண்ணீர் போகிற கால்வாய், முழங்கால் ஆழம்தான். திரும்பும்போது இடது பின்சக்கரம் உள்ளே போய், வண்டி சாய்ந்து, அவர் கையை ஊன்றியிருக்கிறார். சீட்டை விட்டு ஆள் எழுந்தால் எஞ்சின் தானாக நிற்கிற வண்டி. அது ஒன்று காப்பாற்றியது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பு முறிவில்லை. டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் கயிறு கட்டி இழுத்திருக்கிறார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பக்கவாட்டுல வெளிச்சம் பத்தல மாப்ளே" என்றார், வேறு எதுவுமே நடக்காத மாதிரி.

அக்டோபர் 6, ஞாயிறு

சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொல்லித்தான். என்னுடைய யோசனையும் அதுதான். கேட்டதும் கொடுத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 8, செவ்வாய்

டீச்சர் போன். மாமா இப்போது நடக்கிறாராம். ஆறு நாற்பதுக்கு டார்ச்சோடு இறங்கி, வேலிக்கும் வீட்டுக்குமாக, ஏழு இருபது வரை. நேற்றும் இன்றும். நேற்று மழையில்.

அக்டோபர் 9, புதன்

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே பக்கவாட்டில் இரண்டு விளக்கு, பின்னால் ஒன்று. சக்கரமும் கால்வாய் விளிம்பும் தெரிகிற மாதிரி கீழ்நோக்கித் திருப்பி வைத்தேன். அதிர்வில் மரை கழன்றுவிடாமல் இருக்க ரப்பர் வாஷர். நான் போட்டது மொத்தம் ஐந்து. பெரிய பேட்டரியாக மாற்றினேன்.

வீட்டில் சண்டை. இவ்வளவு நாளில் அவள் என்னைப் பார்த்து இப்படிப் பேசியதில்லை.

"நீங்க வெளக்கு போட்டுப் போட்டுத்தான் அவரு இப்படி ஆனாரு. ஒவ்வொரு தடவையும் இன்னொண்ணு. கடைசியில அந்த வண்டியிலயே போகட்டும்னு விட்டுட்டீங்களா?"

நான் என்ன செய்வது? சாவியை எடுத்தால் மழையில் நடக்கிறார். கொடுத்தால் கால்வாயில் விழுகிறார். போய்ப் பேசு என்றால் நீ போகமாட்டேன் என்கிறாய். எனக்குத் தெரிந்தது விளக்கு போடுவது. அதைச் செய்தேன். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் சொல்கிறேன். வாய் எங்கே வருகிறது எனக்கு.

அக்டோபர் 13, ஞாயிறு

பேட்டரி சார்ஜ் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கப் போனேன். மாமா பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். ஷெட்டில் மீட்டரைத் தேடும்போது, ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் ஒரு கிராஃப் தாள்.

வீடு, அடுப்படி ஜன்னல், வேலி, கால்வாய், எல்லாம் அளவோடு வரைந்திருக்கிறார். குறுக்கே இருபத்திரண்டு கோடு. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் மணி. 6.40. 6.42. 6.43. ஜன்னலிலிருந்து எத்தனை மீட்டர் என்று பக்கத்தில். வேலியை ஒட்டிய கோட்டுக்கு மட்டும் சிவப்புப் பேனாவில் வட்டம். எழுபத்திரண்டு மீட்டர். 7.05. அதற்குக் கீழே பென்சிலில், அவருடைய சின்ன எழுத்தில்: "இங்கேயா?"

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் பதினெட்டாம் தேதி சாயங்காலத்தை இந்த மனுஷன் தினமும் ஓட்டுகிறார். அதே கோடு, அதே நேரம். ஜூனில் வெளிச்சம் இருந்தது. இப்போது இல்லை. நேரத்தை மாற்ற முடியாது, அதனால் விளக்கு கேட்டார். நானும் போட்டுக் கொடுத்தேன். ஒன்றில்லை, ஐந்து.

அக்டோபர் 14, திங்கள்

அவளிடம் சொல்லலாமா? சொன்னால் அந்த ஒரு கேள்விதான் இத்தனைக்கும் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அப்பாவைக் கல் மாதிரி நினைத்துக்கொண்டே இருப்பாள்.

சொல்லவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மாமாவே கேட்டுவிட்டார். தாளை நான் பார்த்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாள் ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

ஷெட்டில் வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு உதவி செய்யணும் மாப்ளே. நீங்க அடுப்படியில இருந்து கூப்பிடணும். நான் வண்டியில இருப்பேன்."

"எதுக்கு மாமா?"

"கேக்குதான்னு தெரிஞ்சாப் போதும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியாமலே நாலு மாசம் ஓட்டிட்டேன்" என்றார்.

பல வழியில் சொல்லிப் பார்த்தேன். அத்தை கூப்பிட்டாரா இல்லையா என்பதே தெரியாது, விழுந்தவுடனேயே நினைவு தப்பியிருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது என்றேன். சரி என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில், ஞாயித்துக்கிழமை வரீங்களா என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று புரியவில்லை. அவர் என்னிடம் கேட்டுப் பெற்றது இந்த விளக்கைத் தவிர எதுவும் கிடையாது.

அக்டோபர் 18, வெள்ளி

கேட்டால் இவர் பிழைக்கமாட்டார். கேட்காவிட்டால், அத்தை கூப்பிட்டுக் கூப்பிட்டு...

இரண்டில் எது வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது?

அக்டோபர் 20, ஞாயிறு

ஆறு மணிக்குப் போனேன். அவளிடம் பேட்டரி பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

மாமா அடுப்படியைத் திறந்து வைத்திருந்தார். பெருக்கித் துடைத்திருக்கிறார். ஜன்னல் அன்றைக்குத் திறந்திருந்த அளவுக்கே, ஒன்றேகால் சாண். குழாயையும் திறந்துவிட்டார். குழாய்ச் சத்தமும் கணக்கில் வர வேண்டுமாம். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் தரையைக் காட்டி, "இங்க உக்காந்துக்கோங்க" என்றார். படுத்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

ஏற்பாடு இதுதான். ஏழு ஐந்திலிருந்து ஏழு ஒன்பது வரை அவர் வேலிப்பக்கக் கோட்டில் இருப்பார். அந்த நாலு நிமிடத்தில் நான் முடிந்த வரை கூப்பிட வேண்டும். காதில் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவார். காதில் எதையும் மாட்டிக்கொள்கிற பழக்கம் அவருக்கு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

"என்ன சொல்லிக் கூப்பிடறது மாமா?"

"எதுவானாலும் சரி. சத்தம் வந்தாப் போதும்."

போய்விட்டார். வண்டி கிளம்பியது. நான் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. அங்கே உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக ஆகாயம் மட்டும்தான் தெரியும். வண்டி திரும்புகிறபோதெல்லாம் விளக்கு வெளிச்சம் மேற்கூரையில் ஒரு சுற்று வந்து போகும். சத்தம் கிட்டே வரும், தூரப் போகும். எதிரே அலமாரியின் அடித்தட்டு. அத்தையின் கையெழுத்தில் ஒட்டிய டப்பாக்கள். அவர் கடைசியாகப் பார்த்தது இதைத்தான் இருக்கும். என் கையில் கடிகாரம். ஏழு இரண்டு. ஏழு மூன்று.

ஏழு ஐந்து.

வாயைத் திறந்தேன்.

சத்தம் வரவில்லை. தொண்டை அடைத்தது, அழுகை வந்தது என்றெல்லாம் இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. மாமா என்று ஒரு வார்த்தை கத்தினால் முடிந்தது. ஆனால் நான் கத்தி, எஞ்சின் நின்றுவிட்டால்? அந்த நிசப்தத்தில் நான் எழுந்து போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதை நினைத்தேன். ஏழு ஆறு. இப்போதாவது கூப்பிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மெதுவாகக் கூப்பிடலாமா, பாதிக் குரலில்? அதுவும் கூப்பிட்ட கணக்குத்தானே. அதற்கும் துணிச்சல் இல்லை. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு ஏழு. ஏழு எட்டு. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். ஆமாம், பொத்திக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் ஏதாவது வந்துவிடப் போகிறது என்று.

ஏழு ஒன்பது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மிச்சக் கோடுகளையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். ஏழு இருபதுக்கு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன்."

"எத்தன தடவ?"

"ஆறு, ஏழு தடவ இருக்கும் மாமா."

"பலமாவா?"

"என்னால முடிஞ்ச மட்டும்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "கேக்கல மாப்ளே" என்றார். "ஒண்ணு கூடக் கேக்கல." அப்படியே சரிந்து நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை போன அன்றைக்கு அழாதவர், குழந்தை மாதிரி, மூச்சு வாங்க வாங்க அழுதார். நான் எழுந்து குழாயை மூடினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். வேறு என்ன செய்ய?

அக்டோபர் 21, திங்கள்

அவளிடம் சொன்னேன். கிராஃப் தாள், கோடுகள், நேரம், அடுப்படி, எல்லாம். ஒன்றைத் தவிர.

"நெசமாவே கேக்கலையா?" என்றாள்.

"கேக்கல" என்றேன்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். வெளியே வர அரை மணி நேரம் ஆனது. வந்து, "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றாள். "நாலு மாசமா அவரு காது கேட்டும் வராத மாதிரியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

அக்டோபர் 25, வெள்ளி

டீச்சர் போன். நாலு நாளாக வண்டிச் சத்தமே இல்லையாம், ஏதும் உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். இல்லை, நன்றாக இருக்கிறார் என்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

அவள் போனாள். நானும் கூடப் போனேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை. "மெலிஞ்சுட்டீங்கப்பா" என்றாள். "நீயுந்தான்" என்றார். நேராக அடுப்படிக்குள் போனாள். அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் வந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் தினசரியை எடுத்துப் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மாமா காருக்குக் கிட்டே வந்து என் கையைப் பிடித்தார். அந்தக் கை பட்ட இடம் வீடு வந்து சேரும் வரை உறுத்தியது.

நவம்பர் 2, சனி

கடையில் இன்று ஒரு காரை ஸ்டார்ட் பண்ணி வைத்துவிட்டு, தெருவில் யாரோ கூப்பிடுவது கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கார்க்காரர், என்ன சார் கோளாறு, என்று கேட்ட பிறகுதான் சுய நினைவு வந்தது.

அவர் நிறுத்திவிட்டார். எனக்குப் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை அங்கேதான். அவள் சமைக்கிறாள், மாமா காய் நறுக்கிக் கொடுக்கிறார். எல்லாத் துண்டும் ஒரே அளவு. இரண்டு பேரும் அத்தையைப் பற்றி இப்போது சாதாரணமாகப் பேசுகிறார்கள். எதற்கோ சிரிப்புச் சத்தம் கூடக் கேட்டது.

நல்லதுதானே நடந்திருக்கிறது? நானே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

புல் மறுபடி முளைத்துக் கணுக்கால் வரை வந்துவிட்டது.

நவம்பர் 17, ஞாயிறு

புல்லை வெட்டிவிடுங்கள், பாம்பு பூச்சி அடையும் என்று மத்தியானமே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா வண்டியைத் தொடுவதில்லை. சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து, பேட்டரியை ஏற்றி நான் வண்டியை எடுக்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. நல்ல இருட்டு. ஐந்து விளக்கையும் போட்டேன். இத்தனை நாளில் நான் இதில் உட்கார்ந்து வெட்டியதே இல்லை. நன்றாகத்தான் போட்டிருக்கிறேன். ஒரு நிழல் விழவில்லை. ஈரப் புல் பிளேடில் சிக்கிச் சிக்கி எஞ்சின் திணறியது. சத்தம் முன்பைவிட அதிகம்தான் இருக்கும்.

வேலி ஓரத்தில், மாமா சிவப்பு வட்டம் போட்டிருந்த கோட்டில் இருந்தேன்.

"ஏங்க. சாப்பாடு ஆறுது."

எஞ்சினுக்கு மேலே, தெளிவாக. அவள் கத்தவில்லை, வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூப்பிடுகிற குரல்தான். 'ஆறுது' வரைக்கும் கேட்டது.

தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினேன். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. அவள் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் மாமா நின்றார். ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் பிரேக்குக்குப் போய்விட்டது. எடுத்துவிட்டேன்.

"ஏங்க" என்று மறுபடி.

வண்டியை நேராக ஓட்டினேன். இவள் நின்றுகொண்டு கூப்பிடுகிறாள், அத்தை தரையில் கிடந்தார். இவள் குரல் வேறு, அத்தைக்குக் குரலே எழும்பாது. என் காது வேறு, மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டை முடித்தேன். வேலி முனையில் திரும்பி, அடுத்த கோட்டையும் தொடங்கினேன். மூன்றாவது தடவை கூப்பிட்டாள். நாலாவது தடவையும். எல்லாம் கேட்டது.

கடைசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு புல்லில் நடந்து வந்து என் தோளைத் தொட்டாள். திடுக்கிட்ட மாதிரி எஞ்சினை அணைத்தேன்.

"கூப்பிட்டியா?"

"தொண்டத்தண்ணி வத்திப்போச்சு" என்றாள்.

ஜன்னலிலிருந்து மாமா சொன்னார், நிதானமாக, ஒருத்தரையும் குறை சொல்லாத குரலில்: "அவருக்குக் கேக்காதும்மா. அங்க இருந்தா யாருக்கும் கேக்காது."

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனேன். கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மாமா எனக்குத் தன் கையாலேயே பரிமாறினார். ஆறிப்போயிருந்தது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். போடுங்க மாமா என்றேன்.